சுட்ட மிளகாய்க்கு வரி

மிளகாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கச் சலித்ரே நகராட்சி ஓர் ஆளை அனுப்பியது.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. நீதிமன்றச் சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் ஒதீலியா ஆர்ச்சுலெத்தாவின் இரும்புக் கூண்டு எரிவாயுத் தீயின் மேல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மூட்டைப் பச்சை மிளகாய் குதித்துக் குதித்துத் தோல் கருகிக்கொண்டிருந்தது. பஜ்ஜி மிளகாயைவிடச் சற்றுத் தடித்த, சதைப்பற்றுள்ள மிளகாய். அந்த வாசனைக்குத் தெருவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் வந்தவன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். கர்ட் லிண்ட்வால், நகராட்சியின் விற்பனை வரி அதிகாரி. வடக்கே எங்கிருந்தோ வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை, கழுத்தில் அட்டை. கையில், அடுப்பில் இறைச்சி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற ஊசி வெப்பமானி.

"மேடம், சுட்டு வச்சிருக்கற இந்த மூட்டையத் திறந்து பார்க்கலாமா?"

"யார் மூட்டைய?"

"உங்க மூட்டையத்தான்."

"என் மூட்டை இல்ல தம்பி. அந்தா தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவர் மூட்டை. காசு குடுத்தாச்சு. அவர்கிட்ட கேளு."

தொப்பிக்காரர் செலெதோனியோ. ஓய்வு பெற்ற வெல்டர். அந்தக் கூண்டைப் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தவரே அவர்தான். "தாராளமா திற. உள்ள பாம்பெல்லாம் இல்ல" என்றார்.

லிண்ட்வால் ஊசியைச் செருகினான். ஃபாரன்ஹீட்டில் நூற்று அறுபத்தெட்டு டிகிரி. குறிப்பேட்டில் எழுதினான்.

"என்ன, காய்ச்சல் ஜாஸ்தியா? பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிரலாமா?" என்றாள் ஒதீலியா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாத்தது போதும், மூடு அத. ஆவி போச்சுன்னா தோல் சதையோட ஒட்டிக்கும். அப்புறம் நீதான் உக்காந்து உரிச்சுக் குடுக்கணும்."

அவன் மூடவில்லை. சட்டத்தை விளக்க ஆரம்பித்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுகிற பண்டத்துக்கு நகராட்சி வரி கிடையாது. அதாவது மளிகை. சுடச்சுட விற்கிற பண்டத்துக்கு உண்டு, ஏனென்றால் அது சமைத்த உணவு. ஒரே கோழி, ஆறியிருந்தால் மளிகை, சூடாக இருந்தால் உணவு. இத்தனை வருடமாக மளிகை என்று எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே நூற்று அறுபத்தெட்டு டிகிரியில் விற்பது எந்தக் கணக்கில் சேரும் என்பது அவன் கேள்வி.

"நான் சூடா எங்க விக்கிறேன்?" என்றாள். "அந்தத் தராசைப் பாரு. பச்சையா எடை போடுறேன், காசு வாங்குறேன், வித்தாச்சு. அதுக்கப்புறம் அவங்க மிளகாய அவங்களுக்காகச் சுட்டுத் தர்றேன். சுடுறதுக்குக் காசு கிடையாது. இந்தச் சதுக்கத்துல யாரை வேணா கேளு."

லிண்ட்வால் யோசித்தான். அது நல்ல வாதம் என்று அவனுக்கே பட்டது முகத்தில் தெரிந்தது. குறிப்பேட்டில் நான்கு வரி எழுதினான். அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூண்டு நின்றது. எங்கள் ஊரில் கூண்டு நின்றால் முதல் மிளகாய் காத்திருப்பவருக்கு. அதற்கு யாரும் காசு கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஒதீலியா ஒரு மிளகாயை எடுத்தாள். மூன்றே இழுப்பில் தோலை உரித்தாள். துணிக்குள் சூடாக வைத்திருந்த கோதுமை டார்ட்டியா ரொட்டியில் வைத்து, உப்பைத் தூவி, சுருட்டி, சாறு வழியாமல் இருக்க ஒரு டிஷ்யூவால் அடியில் சுற்றி, இரண்டாவது மூட்டைக்காகக் காத்திருந்த செலெதோனியோவிடம் நீட்டினாள்.

லிண்ட்வால் தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தான்.

"அது என்ன மேடம்?"

"டார்ட்டியா. நீ பாத்ததே இல்லியா?"

"அது இல்ல. அதச் சுத்தி."

"டிஷ்யூ."

"டிஷ்யூ" என்று எழுதினான். பிறகு அடிக்கோடு இட்டான்.

*

ஒதீலியாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. சலித்ரேக்குக் கிழக்கே வெங்காய வயல்களுக்கு நடுவில் கூலிக்காரர் குடியிருப்பில் பிறந்தவள். எட்டு வயதில் முழங்காலிட்டு வெங்காயத் தாள் கிள்ளியவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அவளை ருமால்தோவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மூன்று மாத வேலை என்று சொல்லி வயோமிங் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனான். முப்பத்தொன்பது வருடம் ஆகியும் அந்த மூன்று மாதம் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அட்டை மட்டும் வரும். "வாழ்த்தத்தான் அச்சடிச்சு விக்கிறாங்கன்னு பாத்தா, பேரையும் அச்சடிச்சே அனுப்புறான். கையெழுத்துப் போடக்கூட உடம்பு வணங்கல" என்பாள். அவள் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. கிண்டல் செய்வதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறை. அங்கே உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறிக் கணக்கில் எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. "வறுவல் காய்கறின்னா, நான் பிஷப்" என்று தலைமைச் சமையற்காரியிடம் சொன்னாள். அன்றிலிருந்து அரசாங்கத் தாள் எதையும் மூன்று தடவை படிக்காமல் அவள் நம்பியதில்லை. முப்பத்து நாலு வயதில், மகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்து, விட்டுப்போன பள்ளித் தேர்வை எழுதித் தேறினாள். வீட்டில் யாரும் அதுவரை தொட்டிராத சான்றிதழ். அதை யாருக்கும் காட்டவில்லை, ஆனால் அன்று முதல் ஊரில் யார் தப்பாக எழுதினாலும் திருத்தினாள். மளிகைக் கடைப் பலகையிலிருந்து பாதிரியாரின் அறிவிப்பு வரை.

சமையலறை வேலையை விட்ட வருடம்தான் கூண்டு வந்தது. மிளகாய்ப் பருவம் ஐந்து வாரம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, முதல் உறைபனி விழுந்தால் முடிந்தது. ஆளுக்கு இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று வாங்கி, சுட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் உரித்து, பைகளில் போட்டு உறையவைத்து அடுத்த ஆகஸ்ட் வரை சாப்பிடுகிற ஊர் இது. அந்த ஐந்து வாரம்தான் அவளுடைய வருடம். அந்த மூலைதான் அவளுடைய இடம். வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் தேவாலயத்துக்கும் போகிற மூன்று நடைபாதைகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் வாசனை சதுக்கம் முழுக்கப் போகும். விளம்பரப் பலகை வைத்தவர்களைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. விஷயம் இவ்வளவுதான். அவள் சமைத்த உணவு விற்பவள் என்று வகை மாற்றப்பட்டிருக்கிறாள். சமைத்த உணவு விற்பவர்களுக்குச் சதுக்கத்தில் இடமில்லை. நீதிமன்றத்தின் பின்புற வாகன நிறுத்தத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மின்சார இணைப்பு உள்ள இடங்கள் உண்டு. அங்கே நிற்க மூன்று கழுவுதொட்டி வைத்த வண்டி வேண்டும். பதினான்கு நாளுக்குள் மூலையைக் காலி செய்ய வேண்டும். மறுப்பு இருந்தால் நகர மன்றத்தில் சொல்லலாம்.

மூன்று தொட்டி வண்டி அவளுடைய வீட்டைவிட விலை அதிகம். கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு ஒரு பென்சிலைச் சீவினாள்.

*

சலித்ரே நகராட்சியின் விற்பனை வரிச் சட்டம் நாற்பத்தொரு பக்கம். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தன் அதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் அவன் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"இது என்ன?" என்று பதினேழாம் பக்கத்தில் பென்சிலை வைத்தாள். "சாக்லேட்ல மாவு கலந்திருந்தா உணவு, கலக்கலேன்னா மிட்டாயா?"

"ஆமா மேடம். உணவுக்கு வரி இல்ல. மிட்டாய்க்கு உண்டு."

"வயித்துக்குள்ள போனப்புறம் ரெண்டுக்கும் என்ன பேரு?"

"வயிறு எங்க அதிகாரத்துக்குள்ள வராது மேடம்" என்றான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிண்டல் செய்கிறவனைச் சமாளித்துவிடலாம்.

"பூசணிக்கா?"

"சமைக்க வாங்கினா மளிகை. முகம் செதுக்கி வாசல்ல வைக்க வாங்கினா அலங்காரப் பொருள்."

"வாங்கும்போதே எப்படித் தெரியும்?"

"கேக்கணும்."

"கேட்டா நெசம் சொல்லுவானா? வாசல்ல வச்சுட்டு மறுநாள் சூப்பு வச்சான்னா வரியத் திருப்பிக் குடுப்பியா?"

லிண்ட்வால் அதையும் குறித்துக்கொண்டான். அவனுக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. முந்தின வருடம் நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூரை போட்டு, கூரைச் செலவு குளத்தின் செலவைவிடப் பெரிதாகிவிட்டதால், விட்டுப்போன வரியையெல்லாம் தேடச் சொல்லி அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள். கூரையை நினைத்து அவனுக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு பண்டமும் அதனதன் கட்டத்துக்குள் போய் உட்கார வேண்டும், அதுதான் அவன் கவலை. கட்டத்துக்கு வெளியே ஒரு மிளகாய் தொங்கிக்கொண்டிருந்தால் அவனுக்கு இரவில் தூக்கம் வராது போலிருந்தது.

"மேடம், உங்க மிளகா பிரச்சினையே இல்ல. பச்சையா வித்து அப்புறம் சுடுறீங்க, அத நான் ஒத்துக்கறேன். பிரச்சினை அந்த டார்ட்டியா. கடைக்காரர் தட்டோ கரண்டியோ டிஷ்யூவோ குடுத்தார்னா அது பரிமாறுறது. இருபத்தி மூணாம் பக்கம்."

"அதுக்கு நான் காசு வாங்கல."

"மூட்டை வாங்கினவங்களுக்குத்தானே குடுக்கறீங்க? அப்ப அது விலைக்குள்ள அடங்கினது." ஒரு தாளை நகர்த்தினான். "இதுல கையெழுத்துப் போட்டுட்டா மறுபடியும் மளிகை வகை. மூலை உங்களுக்கே. டார்ட்டியா குடுக்கறத நிறுத்திடணும், அவ்வளவுதான்."

படித்தாள். முதல் தடவையில் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையிலும் இல்லை. மூன்றாவது தடவை, அடியில், சின்ன எழுத்தில்: 'இதுநாள் வரை சமைத்த உணவை வரி செலுத்தாமல் விற்றுவந்தேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'

தாளைத் திருப்பி நகர்த்தினாள்.

"திருடின்னு எழுதி, கீழ நானே கையெழுத்துப் போடணுமா?"

"அது வழக்கமான வாசகம் மேடம். எல்லாத் தாள்லயும் இருக்கும்."

"வழக்கமான வாசகமா? எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு தம்பி. இருபது நிமிஷம் வெயில்ல நிக்கறவனுக்கு வாசனைய மட்டும் குடுத்து அனுப்ப மாட்டோம். உன் வழக்கத்துக்கு ஏழு மாசம் வயசு. அத முதல்ல நடக்கப் பழக்கு, அப்புறம் வந்து என் வழக்கத்த எட்டி மிதி."

"அப்ப மன்றத்துல பாக்கலாம்" என்றான் அவன் மரியாதையாகவே.

*

நகர மன்றம் செவ்வாய் மாலை கூடியது. ஐந்து உறுப்பினர்கள். தலைவர் எவாரிஸ்தோ சிஸ்நெரோஸ், ஒதீலியாவின் அண்ணன் மகன். இன்னும் இரண்டு பேர் அவள் கணவன் வழியில் உறவு. நான்காமவளுக்கு அவள் ஞானஸ்நானத் தாய். விசாரணை தொடங்கியதுமே லிண்ட்வால் எழுந்து, உறவினர்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதியைக் காட்டினான். சரி என்று எண்ணிப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது பல் மருத்துவர் ஒருவர். கூட்டம் நடத்த மூன்று பேர் வேண்டும்.

"அப்ப இந்த ஊர்ல எனக்கு உறவில்லாத மூணு பேரைத் தேடிப் புடி" என்றாள் ஒதீலியா. "கல்லறையிலகூடக் கெடைக்க மாட்டாங்க." விலகும் யோசனையை விட்டுவிட்டார்கள்.

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க. முறைப்படி பேசலாம்" என்றான் எவாரிஸ்தோ. மன்றத் தலைவரின் நாற்காலியில் இருந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவன் கண்ணாடி முன்னால் பழகியிருந்தான்.

"நீ உக்காருடா. உனக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது. முறையெல்லாம் எனக்குத் தெரியும்."

நாற்பத்தொரு பக்கத்தையும் மேசையில் வைத்தாள். பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, சத்தமாகப் படித்தாள். சமைத்த உணவு என்றால், உடனே உண்ணத்தக்க நிலையில் உள்ளது. பிறகு குனிந்து காலடியிலிருந்த சாக்குப் பையின் வாயை அவிழ்த்தாள். அரை மணி நேரத்துக்கு முன் சுட்ட மிளகாய். மன்ற அறை முழுக்க வாசனை ஏறியது. பல் மருத்துவர் எச்சில் விழுங்கினார். ஒரு மிளகாயைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் லிண்ட்வாலின் கோப்பின் மேல் வைத்தாள். கறுத்த தோல் தாளில் ஒட்டியது.

"உடனே உண்ணத்தக்கதுன்னு எழுதிக் குடுத்திருக்கே. உண்ணு."

"மேடம், இது..."

"சூடு இருக்கு, வேணும்னா குத்திப் பாரு. உன் கட்டத்துக்குள்ள உக்காந்திருக்கு. சாப்பிடு."

இந்த ஊரில் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும், சுட்ட மிளகாயின் தோல் தின்கிற பொருள் அல்ல. கரியும் கசப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் மாதிரி பல்லில் ஒட்டும். லிண்ட்வால் ஒரு கணம் மிளகாயைப் பார்த்தான். தான் எழுதியதைத் தானே காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பான். நுனியிலிருந்து கடித்தான். தோலோடு.

"தோலோட!" என்று பின்வரிசையில் யாரோ பெண் அலறினாள்.

கடித்தான், மென்றான். கண்ணில் நீர் நிரம்பியது, உதட்டில் கரி அப்பியது. விதை, நரம்பு எல்லாவற்றையும் மென்று, காம்பு மட்டும் விரலில் மிஞ்சும்வரை நிறுத்தவில்லை. செலெதோனியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், சவ ஊர்வலத்தைப் பார்ப்பவர்போல. லிண்ட்வால் தண்ணீர்க் குவளையைக் காலி செய்தான். கம்மிய குரலில், "உண்ணத்தக்கதுதான்" என்றான்.

அறை வெடித்துச் சிரித்தது. "ஆடு காகிதத்தைத் திங்குது, அதுக்காகக் காகிதத்துக்கு ஓட்டல் வரி போடுவியா?" என்று செலெதோனியோ கத்தினார். எவாரிஸ்தோ சுத்தியலை நான்கு தடவை தட்ட வேண்டியிருந்தது.

ஒதீலியா மட்டும் சிரிக்கவில்லை. முட்டாள்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாத முட்டாள். அப்படிப்பட்டவனை ஊர்ப் பெரிய மனிதர்கள் நம்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பட்டது. சரியாகத்தான் பட்டது. ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் கால் மணி நேரம் குசுகுசுத்தார்கள். எவாரிஸ்தோ முகத்தைச் சரிசெய்துகொண்டு முடிவைப் படித்தான்.

பச்சையாக நிறுத்துக் காசு வாங்கிய மிளகாய் மளிகைதான். விற்றபின் சுட்டுத் தருவது இலவச உழைப்பு, அதற்கு வரியில்லை. ஒப்புதல் தாளில் அந்தச் சின்ன எழுத்து வாசகம் அடித்து நீக்கப்படும். இதுவரை படித்ததற்கு அறை கைதட்டியது. ஆனால், என்று எவாரிஸ்தோ அத்தையைப் பார்க்காமல் தொடர்ந்தான். ரொட்டியில் வைத்து டிஷ்யூ சுற்றிக் கொடுப்பது பரிமாறுதல். கடை தன்னுடைய உணவு எதையும் சதுக்கத்தில் யாருக்கும் பரிமாறக்கூடாது. சம்மதித்தால் மூலை அவளுக்கு, இந்தப் பருவத்துக்கும் இனி வரும் பருவங்களுக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் பின்புற நிறுத்தம்.

"அத்தை, சரியா இல்லையான்னு இப்பவே சொல்லணும்."

"என்னடா, எனக்குப் பாதிய வெட்டிக் குடுக்கறியா?"

"இதுக்கு மேல என்னால முடியாது அத்தை."

"உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும். உன் அப்பனாலயும் எதுவும் முழுசா முடிஞ்சதில்ல."

பின்புற நிறுத்தத்தில் தென்மேற்குக் காற்று சுவரில் முட்டித் திரும்பும், வாசனை குப்பைத் தொட்டிகளைத் தாண்டாது. அவளுக்கு அது தெரியும். ஐந்து வாரத்தில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. வாழ்நாளில் அவள் பேசியதிலேயே சின்ன வார்த்தையைச் சொன்னாள்.

"சரி."

சொல்லிவிட்டு, சாக்குப் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

*

அடுத்த சனிக்கிழமை கூண்டு நின்றதும் வரிசை பழக்கத்தில் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. ஒதீலியா மிளகாயை அப்படியே மூட்டையில் கவிழ்த்து வாயைக் கட்டினாள். மேசையில் டார்ட்டியாத் துணி இல்லை. உப்புக் குப்பி இல்லை. வாசனை மட்டும் இருந்தது. வரிசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"என்ன எல்லாரும் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? வாங்கினாச்சுல்ல, கெளம்புங்க" என்றாள். கிண்டல் வாயில் வந்ததே தவிர அதில் காரம் இல்லை.

செலெதோனியோ கிளம்பவில்லை. தன் மூட்டையைத் தரையில் வைத்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே மடித்த டார்ட்டியா ஒன்று. மூட்டையை அவிழ்த்து ஒரு மிளகாயை எடுத்து உரிக்கத் தொடங்கினார். வெல்டருக்கு இரும்பைத் தெரியும், மிளகாயைத் தெரியாது. தோலோடு சதையையும் பிய்த்தார், விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார், பாதி மிளகாய் தரையில் விழுந்தது.

ஒதீலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த மூட்டையைக் கூண்டில் கொட்டப் போனாள். கொட்டவில்லை.

"இங்க குடுய்யா அத. பாக்கச் சகிக்கல."

மூன்று இழுப்பு. உரித்தாள், அவருடைய டார்ட்டியாவில் வைத்து அவர் கையில் திணித்தாள். அப்போதுதான் நடைபாதையின் மறுபக்கம் லிண்ட்வால் நிற்பதைப் பார்த்தாள். தொலைபேசி கையில் இருந்தது, படம் பிடிக்கவில்லை. சாலையைக் கடந்து வந்தான்.

"மேடம், மன்றத்துல சொன்னது..."

"கடையோட உணவப் பரிமாறக்கூடாதுன்னு சொன்னாங்க. நானும் படிச்சேன், மூணு தடவை. இதுல கடையோடது எது? மிளகா அவரோடது, காசு குடுத்தாச்சு. டார்ட்டியா அவர் வீட்டுது. நடுவுல என் விரல் மட்டும்தான் என்னுது. விரலுக்கு எந்தப் பக்கத்துல வரி போட்டிருக்கே?"

லிண்ட்வால் நின்ற இடத்திலேயே யோசித்தான். நாற்பத்தொரு பக்கமும் அவன் கண்ணுக்குள் ஒவ்வொன்றாகப் புரள்வதை வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கத்துலயும் இல்ல" என்றான் கடைசியில். அதை ஒப்புக்கொள்வதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். குறிப்பேட்டை மூடிக்கொண்டு போனான்.

செய்தி அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறு சனிக்கிழமை வரிசை வங்கி வாசலைத் தாண்டி நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம். வெள்ளித்தாள், துணி, பிளாஸ்டிக் டப்பா, கடையில் வாங்கிய பாக்கெட் அப்படியே. பல் மருத்துவரும் நின்றார். ஒதீலியா உரித்து உரித்து வைத்தாள். இருபத்தேழு வருடமாகத் தன் டார்ட்டியாவை மட்டுமே அவர்களுக்குக் கொடுத்துவந்தவள், அந்த ஊர் வீடுகளில் என்ன சுடுகிறார்கள் என்பதை முதல் தடவையாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முதுகு நிமிர்ந்தது. குரல் பழைய இடத்துக்கு வந்தது.

"இது என்ன, அட்டையா? பூட்ஸுக்கு அடியில வைக்கறதா? யார் சுட்டா இத?"

"என் வீட்டுக்காரிதாங்க."

"அவள ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வரச்சொல்லு. மாவு பெசையத் தெரியாமயே நாலு புள்ளையப் பெத்துருக்கா. அடுத்தது யாரு? டாக்டரா? பாக்கெட்டோட வந்துட்டீங்களா. சரி நீட்டுங்க, உங்களுக்கு வேற கதி இல்ல. அடுத்தது!"